ரெண்டு செகண்டு

ராத்திரி பதினொண்ணே காலுக்கு
மானிட்டர் கண்ணை மூடியது.
பணகுடியில் ஆடிக் காற்று.
ஊரைச் சுற்றி அத்தனை காற்றாடியும் சுற்ற
என் வீட்டு டியூப்லைட் மட்டும் நோஞ்சான்.

சுவிட்சைத் தட்டினால் வருகிறது.
ஒண்ணு, ரெண்டு.
போய்விடுகிறது.
ஓரத்து நீல விளக்கு மட்டும் அணையாமல்
எனக்கொன்றும் தெரியாது என்று நிற்கிறது.

உள்ளே பாதியில் கிடக்கிறார்
ஞானமிக்கேல்.
எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி.
விடிய ஆறு மணிக்கு வள்ளியூரில் பிரிண்ட்,
எட்டு மணிக்குக் கோயில் முக்கில் கட்டியாகணும்.

கேபிளைக் கழற்றினேன், மாட்டினேன்.
பதினஞ்சு ஓட்டை, பதினாலு ஊசி.
கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தால்
அது பிறவியிலேயே அப்படியாம்.
கிரைண்டர் பிளக்கில் குத்திப் பார்த்தேன்.
முதுகில் ரெண்டு தட்டு,
பிறகு கொஞ்சம் கோபத்தோடு ஒன்று.

நைட் ஷிஃப்டு, காற்றாடி சைட்டிலிருந்து
போனில் கத்துகிறார் என் வீட்டுக்காரர்:
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுட்டீ."
பாதி வார்த்தையைக் காற்று கொண்டுபோகிறது.
"அந்தச் சவத்தத் தூக்கித் தூரப் போடு."

எங்கள் பக்கம் எதுவும் சவம்தான்.
பஞ்சரான சைக்கிள், பொங்காத மாவு,
சார்ஜ் ஏறாத போன்.
நிஜமாகவே ஒருத்தர் உள்ளே இருக்கையில்
எதைத் தூக்கி எங்கே போட?

பின்மூடியைத் திறக்கலாமென்று
திருகாணி தேட மொபைல் டார்ச்சை அடித்தேன்.
சாய்ந்த வெளிச்சம் திரையில் பட்டது.
கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி
சாம்பல் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தார் அவர்.
படம் போகவில்லை.
பின்னாலிருக்கிற விளக்குதான் போயிருக்கிறது.

அப்புறம் என்ன,
மொபைலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை.
மவுஸ் அம்பு இருட்டில் தொலையும்.
சுவிட்சைத் தட்டி ரெண்டு செகண்டில் பிடிக்கணும்.
கடித்த இடத்தில் எச்சில் ஒழுகி
கீபோர்டில் 'ழ' பக்கம் நனைந்தது.

கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து
வெட்டி எடுத்த முகம்.
மகன் சொல்லியிருந்தான்:
"தோள்ல கெடக்க கைய எடுத்துருங்கக்கா."
யார் கை என்று நான் கேட்கவில்லை.
ஓடைக்கரைப் பத்து சென்ட் கேஸ்
ஊருக்கே தெரியும்.

ஒரு தட்டு, பெருவிரல் போனது.
ஒரு தட்டு, மணிக்கட்டும் வாட்சும்.
கீழே தேதி போடும் இடம் வந்தது.
தோற்றம் என்று ஒரு வரி,
மறைவு என்று ஒரு வரி.
தட்டினால் தோற்றம்.
எண்ணினால் மறைவு.
துட்டி வீட்டு வேலையில் சிரிக்கக் கூடாதுதான்.
சிரித்துவிட்டேன்.
டார்ச் வாயிலிருந்து விழுந்து
கட்டிலுக்கடியில் உருண்டது.
நாலரை மணிக்கு, பார்க்காமலேயே சேமித்து
பார்க்காமலேயே அனுப்பினேன்.

காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன்.
காற்று புகுந்து போக அங்கங்கே பிளேடால் கீறி
ரெண்டு கம்பத்துக்கு நடுவில்
படபடவென்று ஞானமிக்கேல்.
தோளில் மூன்று விரல் அப்படியே இருந்தது.
மோதிரத்தோடு.

பத்து மணிக்கு மகன் போன்.
திட்டத்தான் போகிறான் என்று எடுத்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "எவ்வளவுக்கா அனுப்பணும்?"
ஐம்பது குறைத்துச் சொன்னேன்.
முழுசாகத்தான் வந்தது.

சனிக்கிழமை மானிட்டரைத் துண்டில் பொதிந்து
மடியில் வைத்து வள்ளியூர் பஸ்.
டிவி மெக்கானிக் வைகுண்டமணி
வயிறு உப்பிய கெப்பாசிட்டர் ஒன்றைக் காட்டினார்.
ஆயிரம் மைக்ரோ, இருபத்தஞ்சு வோல்ட்.
பொருள் எட்டு ரூபாய், கைக்கூலி நூற்றைம்பது.
"கரண்டு ஏறி ஏறி எறங்குனா
அதும் என்ன செய்யும்?" என்றார்.

வீட்டில் மாட்டி, அந்த ஃபைலைத்தான் திறந்தேன்.
முழு வெளிச்சத்தில் தோளும் விரல்களும்.
அழிக்கிற ரப்பரை எடுத்துவிட்டு
சும்மா வைத்திருந்தேன்.
பழக்கதோஷத்தில் வாய் எண்ணியது.
ஒண்ணு.
ரெண்டு.

மூணு.